கீழ்வழிச் செருப்பு

என் வீட்டுக்காரர் ஸ்டெய்னாரின் குதிரை மேட்டைத் தாண்டி மறைந்ததுதான் தாமதம், மாமா கம்பளியை விலக்கி இரண்டு கால்களையும் வெளியே நீட்டினார்.

"அளவெடும்மா," என்றார்.

நான் பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். எதற்கு அளவு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் மனிதர் தன் வாயால் சொல்லட்டுமே என்று கேட்டேன்.

"செருப்புக்குத்தான். அவன் ஈட்டியோட வர்றதுக்குள்ள எனக்கு நீ செருப்பு கட்டிடணும், யோருன்."

"மாமா, அது செத்தவங்களுக்குக் கட்டுறது."

"நான் மட்டும் என்ன, செம்மறி மேய்க்கவா போறேன்?"

எங்கள் கடற்கரையில் யார் செத்தாலும் கடைசியாகச் செருப்பு கட்டித்தான் அனுப்புவோம். வடக்கே போய், அப்புறம் கீழே, கீழே என்று, ஓர் ஆற்றுப் பாலத்தையும் தாண்டி, செத்தவர்களை ஆளுகிற ஹெல் இருக்கும் வீடுவரை நடக்க வேண்டும். இருட்டு, கல், ஈரம். வெறுங்காலோடு நடக்கிற வழி இல்லை அது. மூச்சு நின்றதும் சொந்தத்தில் ஒருவர் கட்டுவார். கட்டியதை யாரும் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் வழியில் போகிறவரைக் காலைப் பிடித்து இழுத்த மாதிரி. உயிரோடு உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருக்கிற ஆளுக்குக் கட்டியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

மாமா குளிர்காலம் தொடங்கியதிலிருந்து படுக்கையில்தான். நெஞ்சில் நீர் கோத்து, மூச்சு விட்டால் தண்ணீரில் ரொட்டி ஊறுகிற மாதிரி சத்தம் வரும். கால்கள் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். ஒரு காலத்தில் ஊல்வர் என்று இவர் பெயரைக் கேட்டாலே, கொள்ளைக் கப்பல் வந்துவிட்டதென்று கடலுக்கு அந்தப் பக்கம் அயர்லாந்துவரைக்கும் ஜனங்கள் ஆட்டை ஓட்டிக்கொண்டு மலையேறுவார்களாம். காதிலிருந்து தோள்வரை வெட்டுத் தழும்பு இருக்கிறது, அதனால் பொய்யாக இருக்காது. அப்படிப்பட்டவர் வைக்கோல் படுக்கையில் மாடு மாதிரிச் சாவதா என்பதுதான் மகன் ஸ்டெய்னாருக்குத் தாங்கவில்லை.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. உயிர் போவதற்குள் போர்ச்சாமி ஓடினுக்கு நேர்ந்துவிட்ட ஈட்டியின் முனையால் நெஞ்சில் ஒரு கீறல் போட்டுவிட்டால் போதும், அவர் போரில் விழுந்த கணக்கு. ஓடின் தன் மண்டபத்துக்கு அழைத்துக்கொள்வான். அந்த ஈட்டி, எங்கள் பகுதிக்குப் பலி கொடுத்து வைக்கிற பெரியவர் கெல்லிரின் வீட்டில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி வரத்தான் ஸ்டெய்னார் விடிந்ததும் கிளம்பினான்.

எனக்கு ஓடினைக் கண்டாலே ஆகாது. நாங்கள் ஆடு மாடு வைத்துப் பிழைக்கிறவர்கள். எங்களுக்கு இடிச்சாமி தோர் போதும். கத்துவான், சுத்தியலால் அடிப்பான், வயிறு முட்டத் தின்பான், ஆனால் சொன்ன சொல் தவற மாட்டான். ஓடின் பெரிய இடத்துச் சாமி. அறிவு வேண்டும் என்று தன் கண்ணையே பிடுங்கிக் கிணற்றில் போட்டவன். மந்திர எழுத்து வேண்டும் என்று தன்னைத்தானே மரத்தில் தொங்கவிட்டுக்கொண்டவன். தன் உடம்பையே இந்தப் பாடு படுத்துகிறவன் அடுத்தவனை என்ன செய்ய மாட்டான்? இன்றைக்கு ஒருவனுக்கு வெற்றியைக் கொடுப்பான், நாளைக்கு அவனையே கவிழ்ப்பான். அவன் மண்டபத்தில் இருக்கிறவர்கள் பகலெல்லாம் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் எழுந்து வேகவைத்த பன்றிக்கறி தின்ன வேண்டும். மறுநாள் மறுபடியும் வெட்டு. கிண்ணத்தைப் பிடித்தால் கை உதறுகிற மனிதரை அங்கே கொண்டுபோய் விட வேண்டுமாம்! நல்ல பாசம்தான்.

"ஈட்டி வேண்டாம்னு உங்க புள்ளகிட்டயே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டுக்கொண்டே கயிறால் பாதத்தை அளந்தேன்.

"சொன்னேனே. காய்ச்சல்ல பெனாத்துறேன்னுட்டான்."

"மறுபடியும் சொல்றது."

"ஆசையா நிக்கிறான்மா. மூஞ்சியப் பாத்தா வாய் வரல."

"எங்கிட்ட மட்டும் வருது பாருங்க! அந்த ஹெல் இருக்காளே, பாதி ஒடம்பு சதை, பாதி நீலமாம். அவ தட்டுக்குப் பேரே பசியாம். யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"எல்லாம் கேட்டதுதான். ஓடினோட சொந்த மகன் பால்டர் செத்துப்போய் எங்க இருக்கான்? ஹெல் வீட்டுலதான? கட்டினவளும் கூடவே போயிட்டா. அப்பன்காரன் ஆளனுப்பி, கெஞ்சி, ஊரையே அழவெச்சுப் பாத்தானே, மீட்டுட்டு வர முடிஞ்சுதா? பெத்த புள்ளைக்கே ஒண்ணும் பண்ண முடியாதவன் என்னைக் கூட்டிட்டுப் போயி என்னத்தக் கிழிக்கப்போறான்?"

சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. முதுகைத் தடவிவிட்டேன். அடங்கியதும், "ஆல்டிஸ் அங்க இருக்கா," என்றார். "வேற ஒண்ணுமில்ல."

ஆல்டிஸ் என் மாமியார். நான் பார்த்ததில்லை. ஸ்டெய்னார் சிறுபிள்ளையாக இருக்கும்போதே பிரசவத்தில் ஜுரம் கண்டு போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை. மாமா அப்போது கப்பலில் இருந்தார். திரும்பி வந்தபோது அவளைப் புதைத்த மேட்டில் புல் முளைத்திருந்ததாம். அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவும் இல்லை, வேறு பெண் தேடவும் இல்லை. பிரசவத்தில் போனவள், ஜுரத்தில் போனவள், கிழடாகிப் போனவள் எல்லோருக்கும் ஹெல் வீடுதான். ஓடினின் கணக்கில் அதெல்லாம் சாவே இல்லை.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஸ்டெய்னார் கை நீட்டுகிற ஆள் இல்லை, ஆனால் மனசு கசந்துவிட்டால் ஒரு குளிர்காலம் முழுக்கப் பேச மாட்டான். ஒரே கூரைக்குள், ஒரே நெருப்புக்கு முன்னால், பேசாத மனுஷனோடு குளிர்காலத்தைத் தள்ளிப் பார்த்தவளுக்குத்தான் அது தெரியும். இருந்தும் பரணிலிருந்து மாட்டுத்தோலை எடுத்தேன். இவருக்கு வாயில் கஞ்சி ஊட்டியது நான், மூத்திரச் சட்டி எடுத்தது நான். அவர் போகிற இடத்தைப் பற்றி எனக்கும் ஒரு பேச்சு உண்டு என்று தோன்றியது.

வீங்கின காலுக்குச் செருப்பு வெட்டுவது லேசான காரியம் இல்லை. இரண்டு பேருக்கு ஆகிற தோல் அவர் ஒருவருக்கே வேண்டியிருந்தது. தோலைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, ஓரத்தில் துளையிட்டு, வாரைக் கோத்து, பாதத்தின் மேல் சுருக்கி இழுத்தேன். மாமா பல்லைக் கடித்துக்கொண்டார்.

"வலிக்குதா?"

"வலிக்கத்தான் செய்யுது."

"நேரத்தோட செத்திருந்தா வலிச்சிருக்குமா?"

"வாய்க்காரி," என்றார், சந்தோஷமாக. "உன் மாமியாரும் இப்படித்தான்."

ஆனாலும் மனசு கேட்கவில்லை. முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தியே போட்டேன்.

கட்டி முடித்த கையோடு மனிதருக்கு வெளியே போக வேண்டும் என்றாகிவிட்டது. சட்டி கொண்டுவருகிறேன் என்றால் கேட்கவில்லை. செருப்பு போட்ட காலோடு படுக்கையில் உட்கார்ந்து போனால் கேவலமாம். அவரை என் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலைத் தாண்டினேன். சினை ஆடுகள் எல்லாம் மேய்வதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தன. செத்தவர் போடுகிற செருப்போடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, பனியில் மூத்திரம் பெய்துகொண்டிருந்தார் ஊல்வர். எனக்குச் சிரிப்பு வந்தது, அதே மூச்சில் அழுகையும் வந்தது.

வெயில் இறங்கத் தொடங்கியபோது ஸ்டெய்னார் வந்தான். ஈட்டியை முனையில் தோலுறை போட்டு, வாரால் சுற்றிக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே நுழைந்தான். மாமா கண்ணை மூடிப் படுத்திருந்தார். கம்பளிக்கு வெளியே இரண்டு செருப்பும் நீட்டிக்கொண்டிருந்தன. கம்பளிக்குள் அடங்குகிற செருப்பா அது?

அவன் முகம் வெளுத்தது. "போயிட்டாரா?"

"இல்ல. தூங்குறாரு."

"அப்ப இது என்னடி?"

"அவர்தான் கட்டச் சொன்னாரு."

"சொன்னா கட்டிடுவியா? உயிரோட இருக்கறவருக்கு? நான் திரும்பி வர்றதுக்குள்ள?" குரல் உயர்ந்தது, உடனே அப்பாவைப் பார்த்துத் தாழ்ந்தது. என் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். "கெல்லிர் வீட்டுல எல்லார் முன்னாடியும் எங்கப்பா ஓடின்கிட்டப் போறாருன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அதுக்காக அவரு போகணுமா?"

"அதுக்கு இல்ல." தாடியில் பனி உருகி வழிந்துகொண்டிருந்தது. "கோடையில நான் கெல்லிரோட கப்பல்ல போறேன். என்னைக்காவது ஒரு நாள் விழுவேன். அங்க போய் நிப்பேன். பெஞ்சு பெஞ்சா தேடுவேன். எங்கப்பா இருக்க மாட்டாரு. புரியுதா உனக்கு? ஒரு தெரிஞ்ச மூஞ்சி இருக்காது."

முப்பது வயசு ஆம்பிளை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாவத்துக்கு அடியிலிருந்து வேறு ஒன்று எரிந்துகொண்டு மேலே வந்தது.

"நான் எங்க போவேன்?" என்று கேட்டேன்.

"என்ன?"

"நான் செத்தா எங்க போவேன்? இப்படியே ஒரு நாள் இருமிக்கிட்டோ, புள்ளை பெத்துக்கிட்டோதான சாவேன்? பெஞ்சு பெஞ்சா அப்பாவைத் தேடுவியாமே. அங்க நான் இருப்பேனான்னு என்னைக்காவது ஒரு நாள், ஒரே ஒரு நாள், நெனச்சுப் பாத்தியா?"

என் கையை விட்டான். நினைத்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நல்லவேளை, பொய் சொல்லவாவது முயலவில்லை.

"ஸ்டெய்னார்," என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார் மாமா. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

அவன் ஈட்டியோடு உள்ளே போனான். நானும் பின்னால் போய், அடுப்புக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டேன். மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவனைப் பார்த்தவாறே சட்டையின் கழுத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். உதறுகிற விரல்களால் அதற்கே வெகுநேரம் ஆயிற்று. நரைத்த நெஞ்சு தெரிந்தது. அடப்பாவி மனுஷா, இவ்வளவு பாடுபட்டுச் செருப்பைக் கட்டவைத்துவிட்டு, மகன் முகத்தைக் கண்டதும் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"உனக்கு அதுல நிம்மதின்னா கீறிக்கோடா," என்றார். "உங்கம்மாகிட்டதான் போக முடியாது. பரவால்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு, இத்தனை வருஷமா கேக்கத் தோணல. அவளுக்குச் செருப்பு கட்டினது யாரு?"

ஸ்டெய்னார் ஈட்டியின் உறையில் கை வைத்தவன் அப்படியே நின்றான்.

"நான்தான்."

"நீயா? நீ இத்தனூண்டு இருந்த."

"வேற யாரு இருந்தா? பக்கத்துப் பொம்பளைங்க வந்து குளிப்பாட்டி விட்டாங்க. செருப்பை மட்டும் சொந்தம்தான் கட்டணும்னு எங்கிட்டக் குடுத்துட்டாங்க."

"இறுக்கிக் கட்டினியா?"

அவன் அப்பாவின் செருப்பையே பார்த்தான்.

"எனக்கு அப்ப முடிச்சே போட வராதுப்பா," என்றான். சின்னப் பிள்ளையின் குரல் அது. இந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத குரல். "வாரைச் சுத்திச் சுத்தி உள்ள சொருகி விட்டேன். யாரும் பாக்கல. குழியில எறக்கறப்ப ஒரு கால்ல வாரு அவுந்து தொங்கிச்சு. நான் பாத்தேன். சொன்னா திட்டுவாங்கன்னு சொல்லல. மண்ணு போட்டுட்டாங்க."

எனக்குப் போய் அவனைத் தொட வேண்டும் போலிருந்தது.

மாமா கூரையைப் பார்த்து யோசித்தார். ஏதோ தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறவர் மாதிரி உதடு அசைந்தது. அப்புறம் அந்த முகத்தில், குளிர்காலம் முழுக்க நான் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்ப அவ இன்னும் போய்ச் சேந்திருக்க மாட்டாடா," என்றார். "செருப்பு கழண்டுக்கிட்டே இருந்திருக்கும். ஒவ்வொரு கல்லா உக்காந்து மாட்டிக்கிட்டு, உன்னையும் என்னையும் திட்டிக்கிட்டு... ஆத்துப் பாலத்துக்கு இந்தப் பக்கந்தான் இருப்பா. எட்டி நடந்தேன்னா புடிச்சிருவேன்."

ஸ்டெய்னார் ஈட்டியைச் சுவரோரம் சாய்த்தான். அது வழுக்கிக்கொண்டு போய் விறகுக் குவியலில் விழுந்தது, எடுத்து நிறுத்தவில்லை. படுக்கையின் கால்மாட்டில் மண்டியிட்டு, என் முடிச்சுகளை விரலால் தடவிப் பார்த்தான்.

"தளர்த்திப் போட்டிருக்க," என்றான், திரும்பாமலே.

"வீக்கம். வலிக்குமேன்னுதான்."

அவிழ்க்கவில்லை. ஈட்டியின் உறையைச் சுற்றியிருந்த வாரை உருவி எடுத்து, என் முடிச்சின் மேலேயே, பாதத்துக்குக் கீழே கொடுத்து வாங்கி, கணுக்காலைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தான். கப்பலில் பாய் கட்டுகிற முடிச்சு. மாமாவின் விரல்கள் கம்பளியைப் பிடித்து முறுக்கின.

"வலிக்குதாப்பா?"

"வலிக்குது. இன்னும் இறுக்கு."

ஸ்டெய்னார் முழங்காலைப் படுக்கைப் பலகையில் ஊன்றி, வாரின் நுனியைப் பல்லால் கடித்து, தலையைப் பின்னால் சாய்த்து இழுத்தான்.