சூட்டுக் கட்டி

வெற்றிவேலின் தொடையில் கட்டி வந்தபோது கபடிக் குழுவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அனகாபுத்தூர் ஆற்றோரத் திடலில் சித்திரை வெயிலில் ஆடுகிறவனுக்குச் சூட்டுக் கட்டி வராமல் வேறென்ன வரும் என்றார்கள். பூச்சி கடித்ததுபோல் நடுவில் கறுத்து, சுற்றிலும் சிவந்து, தொட்டால் கொதித்தது. அவன் அதை நகத்தால் பிதுக்கிவிட்டு, மேலே துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் ரெய்டு போனான்.

பிரசன்னாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. நாவலூர் கம்பெனிகளுக்குக் கார் ஓட்டுகிற அவனும் வெற்றிவேலும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாக ஆடியவர்கள்.

"டாக்டராண்ட போலாம் வா மச்சான்."

"இன்னாடா நீ, ஒரு கட்டிக்கா டாக்டரு? மெடிக்கல்ல மாத்திர வாங்கிப் போட்டுகினு கீறேன். போயிடும்."

கட்டி கொஞ்சம் வற்றியது. வெற்றிவேல் மாத்திரையை நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகுதான் தொடை முழுக்க வீங்கியது. குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. இருமலில் ரத்தம் கண்டதும் அவன் அம்மா தையல்நாயகி பிரசன்னாவுக்குப் போன் செய்தாள். அவன் சவாரியை வேறொருவன் தலையில் கட்டிவிட்டு ஓடி வந்து, வெற்றிவேலைப் பின்சீட்டில் படுக்கவைத்துத் தாம்பரம் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

டாக்டர் சத்யபிரியா தொடையைப் பார்த்ததுமே முகம் மாறினார்.

"இது சூடு இல்லைங்க. ஸ்டாஃப்னு ஒரு கிருமி. நிறையப் பேரோட மூக்குலயும் தோல்லயும் சும்மா இருக்கும். சிராய்ப்பு கிடைச்சா உள்ள பூந்துடும். வழக்கமா குடுக்கற மருந்துக்குச் சாகாத வகையா இருக்குமோன்னு பயமா இருக்கு."

"மாத்திரைக்குக் கொஞ்சம் கொறஞ்சிச்சே டாக்டர்?" என்றான் பிரசன்னா.

"சீழ் வெளிய வந்ததுல வீக்கம் வடிஞ்சிருக்கும். கிருமி குறையல. இப்போ ரத்தம் வழியா நுரையீரலுக்குப் போயிருக்கு."

கட்டியைக் கீறிச் சீழை எடுத்தார்கள். எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க அதில் கொஞ்சம் லேபுக்குப் போனது. முடிவு வரும்வரை காத்திருக்காமல் வான்கோமைசின் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். வெற்றிவேல் மூச்சுக்குத் திணறிக்கொண்டே, "தண்ணி குட்றா" என்றான். கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பிரசன்னா பஞ்சை நனைத்து அவன் உதட்டை ஈரப்படுத்தினான். அதை உறிஞ்சப் பார்த்தான் வெற்றிவேல். பிறகு மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் போட்டார்கள். அதற்கப்புறம் அவன் பேசவில்லை.

வெளியே மனிதர்கள் மதியச் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் இறந்துபோனான். சுடுகாட்டிலிருந்து திரும்பிய பிறகுதான் லேப் முடிவு வந்தது. ஏற்றிய மருந்து சரியானதுதான். ஏற்றத் தொடங்கும்போதே காலம் கடந்துபோயிருந்தது.

"ஆடும்போது துண்டு, முட்டிக்குப் போடற நீகேப்பெல்லாம் மாத்தி மாத்திப் போட்டுப்பீங்களா?" என்று முடிவை வாங்கப் போன பிரசன்னாவிடம் டாக்டர் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். குழுவில் எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. "யாருக்குக் கட்டி வந்தாலும் பிதுக்கக் கூடாது. உடனே இங்க வரச் சொல்லுங்க" என்றார்.

அவன் எல்லாருக்கும் சொன்னான். அவன்மேல்தான் தப்பு என்பதுபோல் பாதிப் பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காரியத்தன்று வெற்றிவேலின் படத்துக்கு மாலை போடக் கையைத் தூக்கினான் தம்பி சக்திவேல். அக்குளில் எலுமிச்சை அளவுக்குச் சிவந்து புடைத்திருந்தது. பிரசன்னா கிட்டே போய்க் குனிந்து பார்த்தான்.

"அப்பா, இவன இப்பவே கூட்டினு போணும்."

வெற்றிவேலின் அப்பா ராஜகோபால் நாற்காலியை விட்டு எழுந்தார். "சூட்டுக் கட்டிடா அது. வேப்பில அரச்சிப் போட்டா அமுங்கிடும்."

"அவனுக்கும் அப்பிடித்தான்பா சொன்னோம்."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போயித்தாண்டா ஒரு புள்ளயக் குட்த்துட்டு வந்தேன்! இன்னொண்ணும் ஓணுமா உனுக்கு? வெளிய போ. இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காத."

சொந்தக்காரர்கள் முன்னால் கன்னத்தில் அறை விழுந்தது. பிரசன்னா நகரவில்லை. உள்ளேயிருந்து தையல்நாயகி வந்தாள். சக்திவேலின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பிரசன்னாவின் காரில் உட்காரவைத்துத் தானும் ஏறிக்கொண்டாள்.

அதே கிருமிதான். ஆனால் தோலுக்கடியிலேயே நின்றிருந்தது. கீறிச் சீழை எடுத்து, லேப் சொன்ன மாத்திரையைக் கொடுத்தார்கள். வலி போனாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டில் எல்லாருக்கும் மூக்கில் தடவக் களிம்பு கொடுத்தார். தையல்நாயகி துணிகளையெல்லாம் வெந்நீரில் அலசி வெயிலில் போட்டாள். ராஜகோபால் மட்டும் களிம்பைத் தொடவில்லை. கட்டுப் போட அழைத்துப்போகப் பிரசன்னா வரும்போதெல்லாம் உள்ளறைக்குப் போய்விடுவார்.

புண் ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, சக்திவேல் பின்சீட்டில் தூங்கிப்போயிருந்தான். முன்சீட்டிலிருந்த தையல்நாயகி ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பெரியவனயும் கட்டி வந்தப்பவே இப்பிடி இட்டாந்திருந்தா பொழச்சிருப்பானாப்பா?"

இதைப் பிரசன்னா டாக்டரிடம் முன்பே கேட்டிருந்தான். அவளிடம் பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

"பொழச்சிருப்பாம்மா."

அவள் அழவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, வீடு வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.