நடுவில் ஒரு கோடு

1.
இந்தக் கதை பொறாமையில் பிறந்தது, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கடிதம் எழுதியே பழகியவன் நான். ‘நலம்’ என்று சொல்லவே எனக்கு ஒரு பக்கம் வேண்டும். தர்க்கக் கணிதக்காரர்களோ ‘இல்லை’, ‘அல்லது’, ‘என்றால்’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி வைத்தார்கள். பிறகு அத்தனைக்கும் ஒரே குறி போதும் என்று கண்டுகொண்டார்கள். அ | ஆ என்று எழுதினால் ‘அதுவும் இல்லை, இதுவும் இல்லை.’ மற்றதையெல்லாம் இதை வைத்தே கட்டிவிடலாம்.

2.
ஒரு தர்க்க வாத்தியார். ஓராண்டுக்கு வாயே திறக்காமல் இந்தக் கோட்டில் மட்டுமே பேசுவதென்று சபதம். (ஏன் என்று மனைவி கேட்டாள். பதில் பதினோரு பக்கம்.) மனைவி நர்ஸ். வேறு ஊருக்கு மாற்றல். மூன்று ஐந்துக்கு ரயில். பெட்டியோடு வாசலில் நின்றாள், வெளியே மழை பிடித்துக்

[மழை வேண்டாம். ரயிலுக்குப் போகிறவளை நனைப்பானேன்.]

“கடைசியா கேக்கறேன். நீங்களும் வர்றீங்களா இல்லையா?”

வாத்தியாருக்கு ஆசைதான், அந்த ஆசையை வைத்தவனே நான். ‘வருகிறேன்’ என்பதற்கு வ. அவளுடைய பென்சிலை வாங்கி, காலண்டர் தாளின் பின்புறம் எழுதினார்:

(வ | வ)

எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் இந்தப் பாஷை அத்துப்படி. “வரலை. அதையும் ரெண்டு தடவை.”

பொறு என்று கைகாட்டிவிட்டு, சற்றுத் தள்ளி எழுதினார்:

(வ | வ)

“சரி, புரிஞ்சுது. நாலு தடவை சொல்லணுமா?” பென்சிலைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

3.
அவரைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் குறியில் ‘ஆம்’ என்று சொல்ல, முதலில் ஒரு ‘இல்லை’, பக்கத்தில் இன்னொரு ‘இல்லை’, பிறகு நடுவில் கோடு போட்டு இரண்டையும் மறுக்க வேண்டும். பாதி ‘ஆம்’ என்பது முழு ‘இல்லை’.

(“வ-ன்னு ஒத்தை எழுத்து போட்டா ஆகாதா?” இதைப் படித்த என் மனைவி. ஆகும். ஆனால் கோடில்லாமல் எதையும் எழுதுவதில்லை என்பது அவர் சபதம் என்றேன். “நல்ல பொருத்தம், ரெண்டு பேரும்” என்று எழுந்து போய்விட்டாள்.)

4.
வாத்தியாரைப் பேசவைத்து மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றிலும் தொண்டையைச் செருமுகிறார், அவ்வளவுதான்.

அவள் படியிறங்கி, பாதியில் நின்றிருக்கிறாள். பெட்டி கனம், அவருடைய நாலு சட்டையும் அதில்தான். அதை அவளைச் சொல்லவைக்கவும் என்னால் முடியவில்லை.

மணி இரண்டு நாற்பது. தாள் இப்படி இருக்கிறது:

(வ | வ)      (வ | வ)

அந்த வீட்டில் வேறு பென்சில் இல்லை, தேடிவிட்டேன். என் பேனாவை நம்ப முடியாது, ஒரு கோட்டோடு நிற்காது. உங்களிடம் ஏதாவது இருக்கும். நடுவில் இடம் விட்டிருக்கிறேன்.