உயிலில் இரண்டு ஓட்டைகள்

அப்பா போன பிறகு அக்கா செய்த ஒரே தப்பு, நகலெடுக்கும்போது உயிலின் ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கியதுதான். தம்பிக்கும் ஒரு நகல் கொடுக்க வேண்டுமே என்ற நியாயம். அந்த நியாயம்தான் இப்போது அவளைக் கோர்ட்டுக்கும் வீட்டுக்குமாக நாயாய் அலைய வைத்தது.

"வீடு எனக்குன்னு அப்பாவே எழுதிட்டாரே, அப்புறம் எதுக்கு இந்த புரொபேட்?" என்று அன்றும் கேட்டாள்.

"எழுதினா மட்டும் போதாதும்மா," என்றார் வக்கீல், அலுத்துப்போய். "இது அவர் எழுதினதுதான், இதுதான் கடைசி உயில்னு கோர்ட் விசாரிச்சு முத்திரை போடணும். அதுதான் புரொபேட். அது வராம வீடு உங்க பேருக்கு மாறாது. பின்னைப் பிடுங்கின இந்த ரெண்டு ஓட்டைங்களப் பாத்துட்டு, கூட இன்னொரு தாள் இருந்துச்சான்னு கேக்கறாங்க. இல்லைன்னு நீங்க சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். தம்பி, ஆட்சேபணை இல்லைன்னு நீங்களும் போட்டுட்டா முடிஞ்சுது."

பக்கத்து நாற்காலியில் தம்பி பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன், சாவுக்குத்தான் திரும்பி வந்தான். உயிலில் அவன் பெயர் மருந்துக்குக்கூட இல்லை.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படுத்த படுக்கையாய்க் கிடந்த மனுஷனுக்குப் பீ மூத்திரம் அள்ளியவள் அவள். தலைக்கு மேல் வேறு கூரை கிடையாது. இவன் பாதி கேட்கப்போகிறானா?

"என்னடா வேணும் உனக்கு? வாயத் திறந்து சொல்லித் தொலை."

"வீடு வேணாம்க்கா. பாத்துக்கிட்டது நீ, அது உனக்குத்தான்." மேசையைப் பார்த்தபடியே பேசினான். "அந்த இன்னொரு தாள்... நிஜமாவே இருந்துச்சா? என்னைப் பத்தி ஏதாவது எழுதியிருந்தாரா? திட்டியிருந்தாலும் பரவாயில்ல, குடு."

அவளுக்குக் கோபமெல்லாம் வடிந்துபோனது. இருந்தது, தொலைந்துவிட்டது என்று சொல்ல நுனிநாக்கு வரை வந்தது. சொன்னால் இவன் மனசு ஆறும், வீடு போகும். அவ்வளவு பெரிய மனசு தனக்கு இல்லை என்பது அவளுக்கே கசந்தது.

"இல்லடா. ஒண்ணுமே இல்ல."

அவன் தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தான். படிவத்தில் 'இறந்தவருக்கு என்ன உறவு' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு 'மகன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"இதுல எனக்கு ஒரு நகல் கிடைக்குமா சார்?"

"குடுடா, நான் எடுத்துட்டு வரேன்," என்று அக்கா எழுந்தாள்.

"பின்னைப் பிடுங்காதீங்கம்மா," என்றார் வக்கீல்.