ஏர் எடுக்க இரண்டு பேர்

"அமுக்கு" என்றேன். டிரைவர் சீட்டில் இருந்த என் மனைவி வெர்னா பிரேக் பெடலை அமுக்கினாள். "பிடிச்சுக்கோ." பிடித்தாள். கழற்றிய முன்சக்கரத்தின் இடத்தில் படுத்துக்கொண்டு, புது டிஸ்க் பிரேக்கின் காலிப்பரில், சிக்கிய காற்றை வெளியே விடும் ஏர் நிப்பிளைத் திறந்து மூடினேன். பிரேக் ஆயில் சீறி வந்தது. அறுபதாவது தடவையாவது இருக்கும். பெடல் இன்னும் பஞ்சு மாதிரிதான் இறங்கியது.

போன அக்டோபரில் புளூ ரிட்ஜ் மலையிறக்கத்தில் நான்கு மைல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்ததில் டிரம் பிரேக் நான்கும் சூடேறி, கடைசி வளைவில் ஏறி நின்று மிதித்தும் பிடிக்கவில்லை. சரளை மேட்டில் ஏற்றித்தான் நிறுத்தினேன். வெர்னா கத்தவில்லை. இறங்கி வீடுவரை நடந்தே போய்விட்டாள். அதோடு சரி, இந்த அறுபத்தேழாம் வருஷத்துக் காரில் அவள் எங்கேயும் வரவில்லை. முப்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். அந்தக் காலி சீட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டே தீருவது என்று இறங்கிவிட்டேன்.

"கம்பெனி போட்ட டிரம்மைக் கழட்டிட்டா பழைய கார் கண்காட்சியில ஒரு பரிசும் கிடையாது, பாத்துக்கோ" என்றான் கார் கிளப் நண்பன் டுவைட்.

"பரிசை நீயே வச்சுக்கிட்டு அழு. என் பொண்டாட்டி என் பக்கத்துல உக்காரணும், அவ்வளவுதான்."

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பெடலை அமுக்க, ஒருவர் நிப்பிளைத் திறக்க. டுவைட்டைக் கூப்பிட்டால் என் வேலையில் ஏதாவது குறை கண்டு ஊரெல்லாம் சொல்லிவிடுவான். வெர்னாவைக் கேட்டேன். "வண்டி ஸ்டாண்டு மேலதானே நிக்குது? நகராதுல்ல?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் ஏறினாள்.

இப்போது அவளே இறங்கி வந்து என் பக்கத்தில் குந்தினாள்.

"கர்டிஸ், காத்துக் குமிழி மேலதானே போகும்?"

"ஆமா."

"அப்புறம் உன் நிப்பிள் ஏன் கீழ இருக்கு?"

பார்த்தேன். அடக் கடவுளே! இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன். நிப்பிள் அடியில் கிடக்க, காற்று மேலே சுகமாக உட்கார்ந்திருக்கிறது. நாற்பது வருஷமாக ஸ்பானர் பிடிக்கிற மனுஷன் நான்.

"டுவைட் கிட்ட சொல்லிடாதே."

"சொல்லாம இருப்பேனா?"

மாற்றி மாட்டினோம். பத்தே அமுக்கில் பெடல் கல்லாக நின்றது. சக்கரங்களைப் பூட்டி, தெருவில் இருபது தடவை ஓட்டி ஓட்டி நிறுத்திப் பார்த்தேன். பிறகு அவள் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெர்னா கையை நீட்டினாள். "சாவியைக் குடு. நீ இந்தப் பக்கம் உக்காரு."

நேராக அந்த மலைக்கே விட்டாள். இறக்கம் தொடங்கியது. முதல் வளைவு கிட்டே வந்துவிட்டது, அவள் இன்னும் மிதிக்கவில்லை.

"வெர்னா..."

"பேசாம வா."

என் பக்கம் பெடல் எதுவும் இல்லை. அப்படியும் என் வலது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.