சிவப்பு அடிக்காத இரும்பு

கலியமூர்த்தி எதையும் லேசில் பாஸ் பண்ணமாட்டார். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் அவர் பரிசோதகர். அவர் கையில் சிக்கிய உதிரிபாகத்தில் துளி கோணல் இருந்தாலும் தொலைந்தது. அதன் தலையில் சிவப்புப் பெயிண்ட் அடித்து ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் மனுஷன் டீ குடிக்கப் போவார். சிவப்பு விழுந்த இரும்பை அப்புறம் எவனும் எந்த வண்டியிலும் மாட்ட முடியாது. குவார்ட்டர்ஸில் அவருக்கு 'செவப்பு மூர்த்தி' என்றே பேர். அது காதில் விழும்போது மூஞ்சியைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வாரே தவிர, உள்ளுக்குள் குஷிதான்.

அப்பேர்ப்பட்டவர் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

எண்பத்தெட்டாம் வருஷம் மழை விட்ட கையோடு, அவருடைய பழைய அம்பாசடர் கரையான்சாவடியில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அன்றிலிருந்து முன்பக்கத்தில் ஒரு முனகல். குமணன்சாவடியில் பட்டறை வைத்திருந்த உஸ்மான் கனியிடம் கொண்டுபோய் விட்டார். உஸ்மான் இடது சக்கரத்தைக் கழற்றி, அதைத் தாங்குகிற ஸ்டப் ஆக்ஸில் என்ற இரும்பை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் தூக்கிக் காட்டினார். கழுத்துப் பக்கம் தலைமுடி ஒட்டியதுபோல ஒரு விரிசல்.

"அல்லா காப்பாத்துனான் சார். ஓடிக்கினு இருக்க சொல்லோ இது முறிஞ்சிருந்தா சக்கரம் தனியா பூட்டிருக்கும்."

"மாத்திடுங்க பாய்."

"புதுசா, பழசா? கடையில பளபளன்னு புதுசு கீது. ஆனா எது அசலு, எது டூப்ளிகேட்டுன்னு யாருக்குத் தெரியும்? நம்ம ஹுமாயூன் யார்டுல பழைய வண்டிங்கள்ல கயட்டுன அசலு கீது. டாக்ஸிக்காரங்கல்லாம் அதைத்தான் கேட்டு வாங்குறாங்க."

"எவன் வண்டியில கிடந்துதோ, எங்க போய் மோதிச்சோ! பழசு வேணவே வேணாம். புதுசு வாங்குங்க, நான் பார்த்து ஓகே பண்றேன்."

அப்படியே நடந்தது. பூந்தமல்லிக் கடையில் ஒன்றுக்கு நாலு புதுசை எடுத்து வரச்சொல்லி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, மூன்றைத் திருப்பி அனுப்பிவிட்டு நாலாவதை மாட்டச் சொன்னார். உஸ்மான் பழசை இரண்டாக உடைக்கச் சம்மட்டியை எடுத்தார்.

"இருங்க பாய், உடைக்காதீங்க. ஃபேக்டரியில புதுசா சேர்ந்த பசங்களுக்குக் காட்டணும். விரிசல்னா என்னன்னே ஒருத்தனுக்கும் தெரியல."

"காட்டிட்டு மறக்காம செவப்பு அடிச்சிருங்க சார்."

"யார்கிட்ட சொல்றீங்க?" என்று சிரித்தபடி இரும்பைச் சாக்கில் சுற்றி டிக்கியில் போட்டுக்கொண்டார்.

பெருமை, வேறென்ன! இத்தனை வருஷமாக அந்தத் தொழிற்சாலையின் கேட்டைத் தாண்டுகிறவருக்கு, வெளி இரும்பு ஒரு துண்டைக்கூட உள்ளே விடமாட்டார்கள் என்பது மறந்துபோயிற்று. சென்ட்ரி திருப்பி அனுப்பிவிட்டான். வீட்டுக்குக் கொண்டுவந்தால் மனைவி பத்மா வாசலிலேயே மறித்தாள்.

"முறிஞ்ச இரும்பை வீட்டுக்குள்ள வைக்காதீங்க. ஆகாது."

"இன்னும் முறியலடி, விரிசல்தான்" என்று அதைப் பின்பக்கம் குழாயடியில் சாத்தினார். ஞாயிற்றுக்கிழமை சிவப்பு அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். தொழிற்சாலையில் இந்த வேலையை ஒரு நாள்கூட அவர் தள்ளிப்போட்டதில்லை.

ஞாயிறு காலை பிரஷ்ஷும் டப்பாவுமாகப் பின்பக்கம் போனார். குழாயடியில் சாக்கு மட்டும் கிடந்தது.

"பத்மா, அந்த இரும்பு எங்க?"

"முந்தாநாள் பேரீச்சம்பழ வண்டிக்காரன் வந்தான், போட்டுட்டேன். நீங்க எடுத்துப் போடுவீங்கன்னு பார்த்தா நகர்ற வழியைக் காணோம். ஆனா பழம் நல்லாவே இல்லீங்க, ஒரே மண்ணு."

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தருகிறவன் அதை நேராக ஹுமாயூன் யார்டில்தான் கொண்டுபோய்க் கொட்டுவான் என்று அவருக்குத் தெரியாதா?

"உனக்கு அறிவிருக்கா? அது என்னன்னு தெரியுமா உனக்கு?"

"பழைய இரும்புன்னுதான் தெரியும். அதுல என்னமோ எழுதியா வச்சிருந்தீங்க?" என்றாள் பத்மா.

பிரஷ்ஷையும் டப்பாவையும் அங்கேயே போட்டுவிட்டு, லுங்கியோடு காரை எடுத்தார்.

ஹுமாயூனின் யார்டில் கழற்றிய கதவுகளும் பம்பர்களும் மலைபோலக் குவிந்து கிடந்தன. ஹுமாயூன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பேரீச்சம்பழ வண்டிக்காரன் கொண்டுவந்த ஸ்டப் ஆக்ஸில் எங்கே என்று கேட்டார் கலியமூர்த்தி.

"அந்த பீஸா சார்? சோக்கான மாலு! தேச்சி கிரீஸ் தடவி வெச்சேன், அப்டியே ஜொலிச்சிச்சு. நேத்து சாயங்காலம் காட்டுப்பாக்கம் கோவிந்தன் வந்து மாட்டிக்கினு போய்ட்டான். டாக்ஸி ஓட்றவன். புதுசு வாங்குடான்னு நான்கூட சொன்னேன். புதுசு இன்னிக்கி மின்னும், நாளைக்கிப் பல்லை இளிக்கும், நீ அசலைக் குடு அண்ணாத்தேன்னான்."

"பாய், அதுல விரிசல் இருக்கு."

ஹுமாயூனின் கையிலிருந்து பீடி விழுந்தது. "யா அல்லா... கல்யாண சவாரி சார். பொண்ணை ஏத்திக்கினு காஞ்சிபுரம் போறான். இப்பதான் இந்தப் பக்கமா ஆரன் அட்ச்சிட்டுப் போனான். வெள்ளை வண்டி, முன்னாடி மால கட்டிக்கீது."

கலியமூர்த்தி பெங்களூர் ரோட்டில் பறந்தார். அவருடைய கார் கப்பல் மாதிரி ஆடாமல் அசையாமல் போயிற்று. அந்தச் சுகமே அவரைக் கொன்றது. அவர் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய புது இரும்பு அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது. அவர் வேண்டாமென்று கழித்தது ஒரு கல்யாணப் பெண்ணைத் தாங்கிக்கொண்டிருந்தது. கடவுளே, அவன் மெதுவாகப் போகவேண்டும், வழியில் எங்கேயாவது டயர் பஞ்சராகி நிற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே மிதித்தார்.

நசரத்பேட்டை தாண்டியதும் மாலை கட்டிய வெள்ளை அம்பாசடர் கண்ணில் பட்டது. மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. ஹாரனை அமுக்கிப் பிடித்தார். முன்னால் போன கோவிந்தன், வழி கேட்கிறார்கள் என்று நினைத்துக் கையை வெளியே நீட்டி முந்திப்போகச் சொன்னான். கலியமூர்த்தி பக்கத்தில் போய், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்.

"நிறுத்து! வண்டியை நிறுத்துப்பா!"

பின் சீட்டில் பட்டுப்புடவைக்காரி ஒருத்தி, நடுவில் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்ணின் கழுத்து நகைகளை முந்தானையால் சட்டென்று மூடினாள். முன் சீட்டில் இருந்த பெரியவர் இவரைப் பார்த்தார். பனியன், லுங்கி, வேர்வை, பரட்டைத்தலை. பெரியவர் கோவிந்தனின் தோளைப் பிடித்து உலுக்குவது தெரிந்தது. வெள்ளை அம்பாசடர் சீறிக்கொண்டு கிளம்பியது.

கலியமூர்த்தி பதறிப்போய் விடாமல் ஹாரன் அடித்தார், விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். அவர் அடிக்க அடிக்க அவன் இன்னும் மிதித்தான். செம்பரம்பாக்கம் வந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. நகை போட்ட கல்யாணப் பெண் இருக்கிற வண்டியைத் துரத்துகிறவன் யாராக இருப்பான்? அவரைத் திருடன் என்று நினைத்துத்தான் அவன் பறக்கிறான்.

ஹாரனிலிருந்து கையை எடுத்தார். ரோட்டோரம் நிறுத்தினார். நான் வரலைப்பா, நான் வரலை, மெதுவாப் போ, மெதுவாப் போ என்று முன் கண்ணாடி வழியாகப் பார்த்து வாய்விட்டுப் புலம்பினார்.

அவர் நின்றது அவர்களுக்குத் தெரியவில்லை. வளைவில் வெள்ளை வண்டி இடது பக்கமாக ஒரு தடவை குனிந்தது. சக்கரம் தனியாகக் கழன்று, வண்டிக்கு முன்னாலேயே கொஞ்ச தூரம் நிதானமாக ஓடி வயலில் இறங்கியது. அப்புறம்தான் சத்தம் கேட்டது.

அவர் ஓடிப்போய்ச் சேருவதற்குள் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் கூடிவிட்டார்கள். வண்டி புளியமரத்தை அணைத்தபடி நின்றது. நெற்றியில் ரத்தம் வழிய வெளியே தவழ்ந்து வந்த கோவிந்தன் அவரைப் பார்த்ததும் பாய்ந்து பனியனைப் பிடித்தான்.

"இவன்தான்! இவன்தான் தொரத்திக்கினே வந்தான்! யோவ், உனக்கு நான் இன்னாய்யா பாவம் பண்ணேன்?"

நாலைந்து கைகள் அவர்மேல் விழுந்தன. அவர் தடுக்கவில்லை. "அந்த இரும்பு என்னோடதுப்பா" என்றார். அடித்தவர்களுக்கு அது விளங்கவில்லை. இன்னும் இரண்டு அடி கூடத்தான் விழுந்தது.

நசுங்கிய பின் கதவுக்கு வெளியே அந்தப் பெரியவர் மண்டியிட்டு உட்கார்ந்து, கல்யாணப் பெண்ணை "சொர்ணம், கண்ணைத் தொறடி, சொர்ணம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து பதில் வரவில்லை.