சக்கரத்துக்குப் பின்னால் நிற்கிறவன்

சண்டை முடிந்து பட்டாளம் ஏலம் விட்ட லாரிகளில் ஒன்றைப் பொன்னுதுரை அண்ணாச்சி தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார். அதன் முகப்பில், கம்பிவடத்தை உருளையில் சுற்றி இழுக்கும் ஒரு மின்சார வின்ச்சு இருந்தது. உப்பளத்துச் சகதியில் புதைந்த லாரிகளை அது பாட்டரியில் ஓடி இழுத்துவிடும் என்றார்கள். அதுவரை அந்த வேலை மாடக்கண்ணுவின் ஆட்களுடையது. வடம் போட்டு இழுப்பார்கள். நானும் அந்த வடத்தைப் பிடித்தவன்தான். போன மாசியில் வடம் அறுந்து லாரி பின்னால் உருண்டது. சக்கரத்துக்குக் கட்டை போட்டுக்கொண்டிருந்த சுடலையின் கால் போயிற்று. இப்போது நான் அண்ணாச்சியிடம். அந்தக் கட்டை என் கையில்.

ஆகையால் மேஸ்திரி தேவபிரசாதம் வின்ச்சைப் பிரித்தபோது நான் பக்கத்தை விட்டு நகரவில்லை. நாசரேத்துக்காரர், பட்டாளத்துப் பட்டறையில் இருந்தவர். மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டுகள் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தன. புதிது போட்டார். பல்சக்கரப் பெட்டியில் கிரீசும் மணலும் களியாகக் கிடந்ததை வழித்துக் கழுவினோம். கடைசியில் பிரேக் பட்டை. மின்சாரம் நின்றதும் உருளையைக் கவ்வி, இழுபடும் லாரியைப் பின்னால் போகவிடாமல் வைப்பது அதுதான். பழையதை எடுத்துவிட்டுப் புதுப் பட்டை பொருத்தினார்.

"இதுல ஒரு சொட்டு எண்ணெ படக் கூடாது, காசிலிங்கம். பட்டுச்சுன்னா வழுக்கிரும்."

மறுநாள் காலை பட்டை பளபளவென்றிருந்தது. தொட்டு மோந்தேன். சுறா எண்ணெய்.

மேஸ்திரி முகம் மாறிற்று. பெட்ரோல் விட்டுக் கழுவினார். "அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா என் கையத்தான் குத்தம் சொல்லுவாரு. வாயத் திறக்காத" என்றார். ஏன் மறைக்கிறார் என்று அவர்மேலும் எனக்குச் சந்தேகம் விழுந்தது. அடுத்த காலையும் எண்ணெய்.

மாடக்கண்ணு தன் வடம் இற்றுப்போகாமல் இருக்கச் சுறா எண்ணெய்தான் தடவுவான். வின்ச்சு ஓடினால் அவன் ஆட்களுக்கு வேலை கிடையாது. சாயங்காலம் பீடி பற்றவைக்கும் சாக்கில் லாரி நிற்கும் கொட்டகைப் பக்கம் வருவான்.

"என்னலே காசி, இரும்புப் பொண்டாட்டிய சிங்காரிச்சாச்சா?"

நான் அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கொட்டகைக் காவல்காரர் சந்தியாகுவிடம் விசாரித்தேன். ஆலந்தலைக்காரர், கடலை விட்டுக் காவலுக்கு வந்தவர். "நா இருக்கும்போது எவன் வருவான்?" என்றார். அவரும் மாடக்கண்ணுவும் ஒரே பீடியை மாறி மாறி இழுத்ததைப் பார்த்திருந்தேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த வாரமே உப்பு மூட்டைகளோடு ஒரு லாரி உப்பளக் கரைச் சரிவில் புதைந்தது. மேஸ்திரி பட்டையை மறுபடி கழுவிவிட்டு வின்ச்சு லாரியில் புறப்பட்டார். சந்தியாகுவும் வேடிக்கை பார்க்க ஏறிக்கொண்டார். அங்கே அண்ணாச்சி முன்பே வந்திருந்தார். மாடக்கண்ணுவும் ஆட்களும் கை கட்டி நின்றார்கள்.

"அண்ணாச்சி, ஒரு சக்கரத்துக்கு நான் கட்டை போடுதேன். இன்னொண்ணுக்கு மாடக்கண்ணு நிக்கட்டும். இல்லன்னா நான் நிக்க மாட்டேன்" என்றேன்.

மாடக்கண்ணு சிரித்தான். "இப்பவாவது என்னை நம்பிக் கூப்பிடுதியே."

"நம்பாமத்தான் கூப்பிடுதேன்."

சிரிப்பு நின்றது. வேட்டியை மடித்துக் கட்டி, கட்டையைத் தூக்கிக்கொண்டு எனக்கு நேர் மறுபக்கம் வந்து நின்றான். எனக்குக் குழப்பமாயிற்று. எண்ணெய் விட்டவன் தன் காலைக் கொண்டுவந்து வைப்பானா?

மேஸ்திரி விசையில் கை வைத்தார்.

"பொறும் மேஸ்திரி" என்று சந்தியாகு மடியிலிருந்து ஒரு தகரக் குப்பியை எடுத்தார். துணியை நனைத்து வின்ச்சுக்குள் கையை விட்டார்.

"என்ன ஓய் செய்யுதீரு?" என்றார் மேஸ்திரி.

"உப்புக் காத்துல்லா. சுறா எண்ணெ போடாம வள்ளத்தக் கடல்ல இறக்குவமா? தெனமும் விடியுமுன்ன நாந்தான போட்டு வைக்கேன். உள்ள ஒரு பட்ட வறண்டு கிடக்கு. அதுக்குக் கொஞ்சம் கூடவே விடுதேன்."

மேஸ்திரி அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து பட்டையைக் கழற்றிக் கழுவி வெயிலில் காய வைத்தார்.

"நீ போலாம், மாடக்கண்ணு" என்றேன்.

"கூப்பிட்டுட்டு இப்ப போகச் சொல்லுதியா?" பட்டையைத் திரும்பப் பொருத்தியதும் அவன் நேரே வின்ச்சுக்குப் போனான். "நகரும் மேஸ்திரி. இப்ப என் காலும் அங்கன நிக்கி." குனிந்து மூக்கை உள்ளே விட்டு மோந்தான். பிறகு என்னைப் பார்த்தான். "நீயும் வந்து மோந்து பாரு. நாளைக்கு என் மேல சொல்லாத."

பெட்ரோல் வாசம் மட்டும்தான் இருந்தது.

லாரி சகதியை விட்டு ஏறியது. பட்டை பிடிக்கிறதா என்று பார்க்கப் பாதிச் சரிவில் மேஸ்திரி மின்சாரத்தை நிறுத்தினார். கம்பிவடம் முறுகி நின்றது. சக்கரம் பின்னால் போகவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கட்டையை எடுக்காமல் சந்தியாகு எங்கே நிற்கிறார் என்று தேடினோம். அவர் குப்பி அண்ணாச்சி கையில் இருந்தது.