மச்சான் கழுவிய தொட்டி

1
இந்தக் கதை, அக்காவின் கணவரான என் மச்சான் செய்த ஒரு நல்ல காரியத்தில் பிறந்தது. அவர் நல்லது செய்யக் கிளம்பினால் வீட்டில் எல்லோரும் ஒதுங்கி நிற்போம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பச்சை என்பது உயிரின் நிறம், அது...’ வேண்டாம். தொழுவத்துக் கதைக்கு எதற்குப் பன்னீர்?

2
அக்கா மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறாள். தொழுவம் கழுவிய தண்ணீர் ஓடையில் கலந்து நாறுகிறது என்று அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தார்கள். சோதனையில் தண்ணீர் தேறாவிட்டால் பண்ணையை மூட வேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். அக்கா மாதக்கணக்கில் பாடுபட்டுத் தொட்டியில் பாசி வளர்த்தாள். சாணக் கழிவை பாக்டீரியா தின்று கரைக்கும். அதற்கு வேண்டிய ஆக்சிஜனைப் பாசி வெயிலில் தரும். கரைந்ததில் மிஞ்சும் சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும்.

(‘புருஷன் பெண்டாட்டி மாதிரி’ என்று எழுதியிருந்தேன். “இதுல ரெண்டும் வேலை செய்யுதுடா” என்றாள் அக்கா. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3
சோதனைக்கு முந்தைய நாள் அக்கா தீவனம் வாங்கப் போயிருந்தாள். மச்சான் தொட்டியை எட்டிப் பார்த்தார். பச்சைப் பசேலென்று கிடந்தது. அதிகாரி வரும் நேரத்தில் இதென்ன அசிங்கம் என்று தண்ணீரைப் புல்வெளிக்குத் திறந்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தார். கல்யாணமானதிலிருந்து ஒரு டம்ளர்கூடக் கழுவாத மனிதர்.

அக்கா திரும்பி வந்தாள். [அவள் கத்துவதாக மூன்று முறை எழுதிப் பார்த்தேன். கத்தவில்லை.] வெறுந்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள்.

“உனக்கு நல்ல பேர் வரட்டும்னுதான்...” என்று மச்சான் இழுத்தார்.

4
மச்சான் சொல்லும் முடிவு: அதிகாரி பளபளப்பைப் பார்த்து அசந்து, மச்சான் கையைக் குலுக்குகிறார். சோதிப்பது தண்ணீரை, தொட்டியை அல்ல என்றேன். “கதைதானேப்பா” என்கிறார்.

நடந்தது: பாசி அள்ளும் வாளியை அலசும் சின்னத் தொட்டி ஒன்று கொல்லையில் உண்டு. அதைக் கழுவச் சொல்லி அக்கா எத்தனையோ முறை நச்சரித்தும் மச்சான் கழுவவில்லை. அதன் சுவரெல்லாம் பச்சை. அவருடைய சோம்பேறித்தனம் விதைப்பாசியைக் காப்பாற்றியிருந்தது. இருவரும் சுரண்டி எடுத்து, பெரிய தொட்டியை நன்றாக அலசி, கழிவுநீரை நிரப்பி, அதில் கரைத்தார்கள். ஆனால் அது வளர ஒரு மாதமாவது ஆகும்.

5
மறுநாள் காலை அதிகாரி கலங்கிய தண்ணீரைப் பார்த்து, யார் இப்படிச் செய்தது என்று கேட்டார்.

மச்சான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: “நாங்கதான். ஒரு மாசம் தவணை குடுங்க.”

தவணை கிடைத்ததா என்று நான் எழுதப்போவதில்லை. இனி அதிகாரி நீங்கள்தான். முடிவைச் சொல்லும் முன் மச்சானை ஒரு பார்வை பாருங்கள். பாசிமேல் தன் நிழல் விழுந்துவிடக் கூடாதென்று, வெயிலுக்கு ஏற்பத் தள்ளித் தள்ளி நிற்கிறார்.